விரிதாளும் அறப்பணிக் கணக்கும்

 

ஆண்டு மலரில் பக்திக் கட்டுரைகளுக்கு நடுவே கணினிப் பாடம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நீங்கள் மனமுவந்து தரும் ஒவ்வொரு வெள்ளியும் இன்று ஒரு கணினித் தாளில்தான் பதிவாகிறது. அந்தத் தாள் எப்படிக் கூட்டுகிறது, எங்கே தவறுகிறது என்பதைக் கொடுப்பவர்களும் அறிந்திருப்பது நல்லது. கோயில்களிலும் சங்கங்களிலும் கணக்கு எழுதும் இளைஞர்களுக்கும் இது பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் பல்லாண்டுகள் கணக்கெழுத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். சாலாக் செலாத்தானில் குடியிருக்கிறேன். அறப்பணிக் கணக்கை விரிதாளில் ஏற்றும் தொண்டு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது.

பாட்டியின் ஐம்பது வெள்ளி

ஓராண்டு, பொதுக்கூட்டத்திற்கு முதல் நாள் மாலை. எங்கள் வட்டாரத்துப் பாட்டி ஒருவர் வந்தார். அவருடைய கணவர் ரயில்வேயில் வேலை பார்த்துக் காலமானவர். அவர் நினைவாக ஆண்டுதோறும் அன்னதானத்திற்கு 50 வெள்ளி தருவது பாட்டியின் வழக்கம்.

“ஏன் தம்பி, என் அம்பது வெள்ளி கணக்குல ஏறிடுச்சா?” என்று கேட்டார்.

“ஏறிடுச்சு பாட்டி, இதோ உங்க பேரு” என்று திரையைக் காட்டினேன். பெயரும் இருந்தது, தொகையும் இருந்தது. பாட்டி மகிழ்ச்சியோடு போய்விட்டார்.

அன்று இரவு, பழைய பழக்கத்தின் காரணமாக, ரசீதுப் புத்தகத்தைக் கையால் கூட்டிப் பார்த்தேன். 18,790 வெள்ளி வந்தது. விரிதாளோ 18,640 என்று காட்டியது. 150 வெள்ளி குறைவு! பணம் வங்கியில் சரியாகவே இருந்தது. ஆனால் மறுநாள் கூட்டத்தில் படிக்க வேண்டிய கணக்கு தவறு. நெடுநேரம் தேடிய பிறகு இரண்டு காரணங்கள் புலப்பட்டன. அவற்றைச் சொல்லுமுன் விரிதாளின் அடிப்படையைப் பார்ப்போம்.

விரிதாள் என்றால் என்ன?

பழைய பேரேட்டைப் போல வரிசைகளும் பத்திகளும் கொண்ட கட்டங்களே விரிதாள். 1979-இல் அமெரிக்காவைச் சேர்ந்த டேன் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவர் விசிகால்க் என்னும் மென்பொருளை ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்டனர். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாத் தொகைகளும் தாமாகவே மாறிவிடும் என்பதே அதன் சிறப்பு. 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்கு எக்ஸெல், 1987-இல் விண்டோஸுக்கு எக்ஸெல் என இது வளர்ந்தது. இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றிலும் கீழே சொல்பவை பொருந்தும்.

பத்திகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்தும் வரிசைகளுக்கு 1, 2, 3 என்று எண்ணும் உண்டு. எங்கள் தாளில் ஏ பத்தியில் ரசீது எண், பி-யில் பெயர், சி-யில் நோக்கம், டி-யில் தொகை. ஐந்தாம் வரிசையில் பட்டியல் தொடங்குகிறது. மொத்தத் தொகை மேலே டி2 என்ற கட்டத்தில். சூத்திரங்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

கூட்டலில் நேர்ந்த பிழை

கணினிக்கு வேலை சொல்லும் ஆயத்தச் சொல்லை ஃபங்ஷன் என்கிறோம். கூட்டுவதற்கான ஃபங்ஷன் சம். டி2 கட்டத்தில் நான் எழுதியிருந்தது இது:

=சம்(டி5:டி54)

அதாவது, 5 ஆம் வரிசை முதல் 54 ஆம் வரிசை வரை கூட்டு என்பது பொருள். எழுதியபோது பட்டியலில் 50 பேர் இருந்தனர். பிறகு இரண்டு அன்பர்கள் 60 வெள்ளியும் 40 வெள்ளியும் தந்தனர். அவர்கள் 55, 56 ஆம் வரிசைகளில் சேர்க்கப்பட்டனர். சூத்திரமோ 54-லேயே நின்றுவிட்டது. இதனால் 100 வெள்ளி விடுபட்டது.

மீதி 50 வெள்ளி பாட்டியுடையது. எங்கள் தொண்டர் அந்தக் கட்டத்தில் “50 வெள்ளி” என்று எண்ணோடு சொல்லையும் சேர்த்துத் தட்டிவிட்டார். நம் கண்ணுக்கு அது தொகை. கணினிக்கு அது வெறும் எழுத்து. சம் எழுத்தைக் கூட்டாது, பிழை என்று எச்சரிக்கவும் செய்யாது. பாட்டியின் பெயர் பட்டியலில் இருந்தது. அவருடைய பணம் கூட்டலில் இல்லை. “ஏறிடுச்சு” என்று நான் சொன்ன உறுதி பொய்யாகிவிட்டதே என்று அன்றிரவு மனம் வருந்தியது.

படித்தவர்களும் தவறுவர்

இது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2010-இல் பொருளியல் அறிஞர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் அரசாங்கக் கடனைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். பல நாடுகளின் நிதிக்கொள்கை விவாதங்களில் அது எடுத்துக்காட்டப்பட்டது. 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்ஸெல் தாளைப் பார்த்தபோது, 30 முதல் 49 ஆம் வரிசை வரை எடுக்க வேண்டிய சராசரி 44-உடன் நின்றிருந்தது தெரிந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. ஆய்வில் வேறு குறைகளும் சுட்டப்பட்டன. எனினும், சூத்திரம் முழுப் பட்டியலையும் தொடாத இந்தப் பிழை நம்முடைய பிழையேதான்.

2020-இல் இங்கிலாந்தில் கோவிட் தொற்றுக்கு ஆளான 15,841 பேரின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயிற்று. பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். அங்கும் கணினி தனக்கு எட்டாததைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

நான்கு காவல்கள்

அந்த அனுபவத்திற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறைகள் இவை.

முதலாவது, எல்லையைத் தாராளமாக வைப்பது. =சம்(டி5:டி1000) என்று எழுதினால் புதிய பெயர்கள் சேரும்போது விடுபடா. வெற்றுக் கட்டங்களால் கூட்டல் மாறாது. மொத்தத்தை மேலே வைத்திருப்பதால் பட்டியல் கீழே வளர இடமும் உண்டு.

இரண்டாவது, எண்ணிக்கையைச் சரிபார்ப்பது. கவுண்ட் என்ற ஃபங்ஷன் எண்கள் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். கவுண்ட்ஏ என்பது எது எழுதியிருந்தாலும் எண்ணும். எங்கள் தாளில் =கவுண்ட்ஏ(டி5:டி1000) போட்டபோது 52 வந்தது; =கவுண்ட்(டி5:டி1000) போட்டபோது 51 வந்தது. அந்த ஒன்றுதான் பாட்டியின் கட்டம். இன்னொரு அடையாளமும் உண்டு: நாம் மாற்றாதவரை எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும்.

மூன்றாவது, நோக்கவாரியாகப் பிரிப்பது. அன்னதானத்திற்கு வந்தது எவ்வளவு என்று அறிய:

=சம்இஃப்(சி5:சி1000,"அன்னதானம்",டி5:டி1000)

இவ்வாறு பிரித்தபோது அன்னதானம் 9,600, கல்வி உதவி 5,200, மருத்துவ உதவி 2,340, திருப்பணி 1,650 என்று கிடைத்தது. கூட்டினால் 18,790. இந்தக் கூட்டலை ஜி9 கட்டத்தில் வைத்து, அருகில்,

=இஃப்(ரவுண்ட்(டி2-ஜி9,2)=0,"சரி","பார்க்கவும்")

என்று எழுதினால், ஒரு சென் வேறுபட்டாலும் தாளே நம்மை எச்சரிக்கும். “அன்னதானம்” என்ற சொல்லில் ஓர் எழுத்து மாறினாலும், பின்னால் ஓர் இடைவெளி சேர்ந்தாலும் சம்இஃப் அதை ஏற்காது. அத்தகைய பிழைகளை இது காட்டிக்கொடுக்கும்.

நான்காவதே முக்கியமானது. பாட்டியின் பிழையை மூன்றாவது காவல் பிடித்திருக்காது. சம்இஃப்பும் எழுத்தைக் கூட்டாது அல்லவா? இரண்டு கூட்டலும் ஒரே அளவு குறைந்து, “சரி” என்றே காட்டியிருக்கும். ஆகையால் தாளுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். ரசீதுப் புத்தகத்தைத் தனியே, வேறொருவர் கையால் கூட்டி, அந்தத் தொகையை ஜி10 கட்டத்தில் எழுதி ஒப்பிட வேண்டும். வங்கிக் கணக்கோடும் ஒப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் பேரேட்டையும் ரசீதையும் ஒப்பிட்டு ஒவ்வொரு வரியிலும் குறியிட்ட கணக்கர்கள் செய்ததும் இதுவே.

வரைபடம் பேசும் மொழி

எண்களைப் படமாக்கினால் எல்லோருக்கும் எளிதில் விளங்கும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-இல் பட்டை வரைபடத்தையும் 1801-இல் வட்ட வரைபடத்தையும் நூலில் வெளியிட்டவர். எக்ஸெலில் தலைப்புகளையும் தொகைகளையும் சுட்டியால் தெரிவுசெய்து, இன்சர்ட் பகுதியில் படத்தின் வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஒரு முழுத் தொகை எப்படிப் பிரிகிறது என்று காட்ட வட்டம் ஏற்றது. அன்னதானம் பாதிக்குச் சற்று மேல் என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் ஐந்தாறு துண்டுகளுக்கு மேல் போனால் குழப்பமே மிஞ்சும். இனங்களை ஒப்பிடப் பட்டையும், மாதத்திற்கு மாதம் ஏற்ற இறக்கம் காட்டக் கோடும் பொருத்தமானவை.

படமும் தவறான எண்ணத்தைத் தரலாம். முந்தைய ஆண்டு அன்னதான வரவு 9,200, அவ்வாண்டு 9,600. பட்டை வரைந்தபோது கணினி அடிக்கோட்டை 9,000-இல் தொடங்கிவிட்டது. அதனால் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல மூன்று மடங்கு உயர்ந்து நின்றது! உண்மையான வளர்ச்சியோ நூற்றுக்கு நாலரைக்கும் குறைவு. அச்சின் அமைப்பில் தொடக்க எண்ணைப் பூஜ்யம் என்று மாற்றினேன். பட்டைகள் ஏறத்தாழ சமமாயின. நன்கொடையாளர் முன் வைக்கும் படத்தில் மிகைப்படுத்தல் கூடாது.

நிறைவாக

மலேசியாவில் 1966 ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி பதிவுபெற்ற சங்கங்கள், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். சட்டத்திற்காக மட்டுமல்ல, கொடுத்தவரின் மனநிறைவுக்காகவும் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

மறுநாள் கூட்டத்தில் 18,790 வெள்ளி என்றே கணக்கு வாசிக்கப்பட்டது. கூட்டம் முடிந்ததும் பாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். “பரவால்ல தம்பி, இப்ப சரியா இருக்குல்ல?” என்று சிரித்தார்.

விரிதாள் நாம் சுட்டிக்காட்டியதைத்தான் கூட்டும். விடுபட்டதை அது அறியாது. விடுபட்டதைத் தேடுவது கணக்கு எழுதுபவரின் கடமை. ஆகவே அன்பர்களே, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். “என் பணம் கணக்கில் ஏறியதா?” என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வி எங்களுக்கு ஒரு துணையே. எல்லோருக்கும் இறையருள் கிட்டுவதாக!