பசி ருசி அறியாதா?

உணவு வங்கி என்பது வசதி உள்ளவர்களிடமும் கடைகளிடமும் உணவுப் பொருட்களைச் சேர்த்து, இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் இடமாகும். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் தொடங்கிய இம்முறை இன்று பல நாடுகளில் உள்ளது.

ஆனால் குடிபெயர்ந்தோர் வாழும் நகரங்களில் ஒரு சிக்கல் எழுந்தது. பெட்டி நிறைய உணவு கிடைத்தாலும் அதில் பாதியைச் சில குடும்பங்களால் உண்ண முடியவில்லை. டின்னில் அடைத்த இறைச்சி ஹலாலானதா என்று முஸ்லிம் குடும்பத்துக்குத் தெரியாது. மரக்கறி மட்டும் உண்ணும் சைவக் குடும்பத்துக்கு மீன் டின் உதவாது. எனவே மக்களின் உணவு முறையை மதிக்கும் உணவு வங்கிகள் தோன்றின. கனடாவின் மிசிசாகாவில் சீக்கியர்கள் 2010இல் தொடங்கிய 'சேவா' உணவு வங்கியும், 2013இல் வடமேற்கு லண்டனில் தொடங்கிய 'சுஃப்ரா'வும் அத்தகையவை. இரண்டும் எல்லா மதத்தவருக்கும் உதவுகின்றன.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அன்று. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் அடைக்கலம் புகுந்தனர். அங்குள்ள மக்கள் சோறு சமைத்துக் கொடுத்து அவர்களை வரவேற்றனர். பின்னர் உலர் உணவு நிவாரணம் கிடைத்தது. இரண்டும் பசியைப் போக்கின. ஆனாலும் என் உம்மம்மா இன்றும் சொல்வது அந்த முதற் சோற்றையும் மீன் ஆணத்தையும் பற்றித்தான். "எங்கட வீட்டுச் சாப்பாடு மாதிரி இருந்திச்சு மகள். அண்டைக்குத்தான் நித்திரை வந்திச்சு" என்பார்.

"பசி ருசி அறியாது" என்ற பழமொழியைச் சிலர் இங்கே நினைவூட்டலாம். அது பசித்தவரின் நிலையைச் சொல்லும் பழமொழி. எதையும் கொடுக்கலாம் என்று கொடுப்பவருக்குத் தரப்பட்ட அனுமதி அன்று. உயிர் போகும் நிலையில் விலக்கப்பட்ட உணவையும் உண்ண இஸ்லாம் இடமளிக்கிறது. ஆனால் பக்கத்தில் நல்ல அரிசி இருக்கும்போது ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளுவது தர்மம் ஆகாது. ஸகாத்துல் பித்ரைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பேரீச்சம்பழமும் வாற்கோதுமையும் கொடுக்கப்பட்டன. நம் நாட்டில் நாம் அரிசி கொடுக்கிறோம். அந்தந்த ஊரார் உண்ணும் உணவையே கொடுப்பது நம் மார்க்கத்திலேயே உள்ள வழி.

உலகச் சட்டமும் இதையே சொல்கிறது. 1999இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு, போதிய உணவு என்பது அளவிலும் தரத்திலும் மட்டுமன்றி, உண்பவரின் பண்பாட்டுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று விளக்கியது.

மாரி வெள்ளம் வரும்போது நாமும் பாடசாலையில் நிவாரணப் பொருட்கள் சேர்க்கிறோம். பொதி கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இதைப் பெறுபவர்கள் எதை உண்பார்கள், எதை விலக்குவார்கள்? சமைக்க அடுப்பும் சுத்தமான நீரும் இருக்கின்றனவா? வீட்டில் குழந்தையோ நீரிழிவு நோயாளியோ இருக்கிறார்களா? முகாமில் அடுப்பு இல்லாதவருக்குப் பச்சை அரிசியும் பருப்பும் உடனே உதவாது. விரதம் இருக்கும் சைவ அயலவருக்கு மீன் டின்னுக்குப் பதிலாகக் கடலையோ பயறோ கொடுக்கலாம். இதனால் செலவு பெரிதாகக் கூடாது. வீணாகும் உணவுதான் குறையும்.

பெற்றோரே, மாணவிகளே, கேட்டுக் கொடுப்பது கொடுப்பதைத் தாமதப்படுத்தும் செயல் அன்று. வாங்குபவரும் நம்மைப் போல் ஒரு வீட்டையும் அடுப்பையும் வைத்திருந்தவர் என்பதை மறக்காமல் இருப்பதே அது. இடம்பெயர்ந்து வாழ்ந்த நம் சமூகத்துக்கு இதை வேறு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.