பாறை உருண்டைகளுக்கு நடுவே

கேள்வி: செஞ்சிப் பக்கம் உள்ள சிறு குன்றுகளில் பாதையில்லாத பக்கமாக ஏறிப் பார்க்க ஆசை. அந்த உருண்டைப் பாறைகள் சரிந்துவிடாதா?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: யாரோ தூக்கி அடுக்கியதுபோலத் தெரிந்தாலும், அவை உருவான இடத்திலேயே கிடப்பவைதான். மண்ணுக்கடியில் இருந்த கருங்கல்லின் விரிசல்களில் நீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்து உருண்டையாக்கியது. பின்னர் மேல்மண் மழையில் கரைந்துபோக, உருண்டைகள் வெளியே வந்தன. ஆகவே பெரும்பாறைகளில் பெரும்பாலானவை எளிதில் சரியாது. காலடியில் ஆடும் சிறு கற்களும், தோல்போல உரியும் பாறைப் பலகைகளும்தான் அதிக ஆபத்து. தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பலகையில் பாரத்தைப் போடாதீர்கள்.

செங்குத்துச் சரிவுகளில் இறங்கும் கறுப்புக் கோடுகள் நுண்ணுயிர்ப் படலம். வெயிலில் கால் நன்றாகப் பிடிக்கும், தூறல் விழுந்தால் சோப்பு! நிமிர்ந்து பாறை விளிம்புகளையும் பாருங்கள். மலைத்தேனீ அடை தொங்கினால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். வாசனைத் திரவியமும் புகையும் அவற்றைச் சீண்டும். பார்க்காத இடுக்கில் கையை விடக் கூடாது, பாம்பு இருக்கலாம்.

ஏறுவது எளிது, இறங்குவதுதான் கஷ்டம். இறங்க முடியும் என்று தோன்றாத இடத்தில் ஏறாதீர்கள். (செல்ஃபிக்காக ஏறுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.)

செஞ்சியின் ராஜகிரி முதலான கோட்டை மலைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே படிக்கட்டை விட்டு விலகக் கூடாது. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர் யாரேனும் உடன் வந்தால் இன்னும் நல்லது.