கோழியின் மூச்சுக்குக் காது கொடுங்கள்

கொல்லையில் பத்து நாட்டுக்கோழியை விட்டு வளர்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கோழி தும்மியதும் அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்வார்கள். நீங்களும் வாங்கிக் கரைத்து ஊற்றுவீர்கள். மூன்றாம் நாள் பாதிக் கூண்டு காலியாகும். தும்மலும் கொர்கொர் சத்தமும் ஏழெட்டு நோய்களுக்குப் பொதுவானவை. எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்கிற மருந்து, பெரும்பாலும் வீண். சில நேரம் அதுவே ஆபத்து.

1. இரவில் கேளுங்கள். பகலில் கோழி நோயை மறைக்கும். பலவீனத்தைக் காட்டிய பறவையை மற்றவை கொத்தும், பருந்தும் பார்க்கும். அதனால் முடிந்தவரை நிமிர்ந்தே நிற்கும். எல்லாம் அடைந்து அரை மணி நேரம் கழித்து, விளக்கில்லாமல் கூண்டின் பக்கத்தில் போய் நில்லுங்கள். நலமான கோழிகள் உறங்கும்போது சத்தமே வராது. ஈரமான கொறுகொறுப்பு, விசில் போன்ற இழுப்பு, தும்மல், இருமல் என்று எது கேட்டாலும் டார்ச் அடித்து அந்தக் கோழியை அடையாளம் பாருங்கள். காலில் ஒரு துணி நாடா கட்டிவிட்டால் காலையில் தேட வேண்டாம்.

2. பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தாதீர்கள். நமக்கு இருப்பதுபோல் கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நுரையீரல் விலா எலும்போடு ஒட்டியிருக்கிறது. அதோடு ஒன்பது காற்றுப் பைகள் உடல் முழுக்கப் பரவியிருக்கின்றன. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். ஏற்கெனவே இளைக்கிற கோழியைக் குழந்தைகள் இறுக்கி அணைத்தால் கையிலேயே உயிர் போய்விடும். சளி இந்தப் பைகளுக்குள் இறங்கிக் கெட்டியாகிவிட்டால் மருந்து அங்கே போய்ச் சேர்வதும் கடினம். முதல் இரண்டு நாளிலேயே கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

3. பகல் வெளிச்சத்தில் தலை முதல் வால் வரை பாருங்கள். முதலில் மூக்குத் துளைகள்: நீர் வடிகிறதா, தவிடு ஒட்டிக் காய்ந்திருக்கிறதா? அடுத்து தோள் இறகுகள். மூக்கு ஒழுகும் கோழி தலையைத் திருப்பித் தோளில் துடைத்துக்கொள்ளும். அங்கே அழுக்குப் படிந்திருந்தால் இரண்டு மூன்று நாளாகவே ஒழுகுகிறது என்று அர்த்தம். கண்ணோரத்தில் நுரை இருக்கிறதா? கண்ணுக்குக் கீழே விரலால் மெல்ல அழுத்துங்கள், வீக்கம் இருந்தால் தெரியும். பிறகு ஒருவர் கோழியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அலகின் இரு ஓரத்திலும் விரல் வைத்து வாயைத் திறக்க வேண்டும். மேல் அண்ணத்தில் நீளமாக ஒரு பிளவு இருக்கும். மூக்கிலிருந்து வரும் சளி அங்கே தேங்கும். நாக்குக்குப் பின்னால் திறந்து மூடும் சிறு துளைதான் மூச்சுக்குழாயின் வாய். அதைச் சுற்றிப் படலமோ கட்டியோ இரத்தமோ இருக்கிறதா என்று பாருங்கள். வாயை முகர்ந்தும் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். கடைசியாக ஆசனவாயும் எச்சமும். மூச்சு நோய் என்று நினைத்துத் தலையை மட்டும் பார்ப்பவர்கள் கழிச்சல் நோயைத் தவறவிடுகிறார்கள்.

4. சித்திரை வெயிலில் சிறகை விரித்து வாய் பிளந்து நிற்பது நோயல்ல. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. பெரும்பாலும் வாய்வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கு ஒழுகாது, சத்தமும் வராது. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தால் அடங்கிவிடும். விடியற்காலைக் குளிர்ச்சியிலும் வாய் திறந்திருந்தால் அது வேறு கதை.

5. சந்தேகம் வந்த உடனே பிரித்து வையுங்கள். நோய் என்னவென்று தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பஞ்சாரம், தனித் தண்ணீர்த் தட்டு, காற்று மற்ற கோழிகள் பக்கம் வீசாத ஓர் இடம் போதும். முதலில் நலமானவற்றுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியில் நோயாளியிடம் போங்கள். திரும்பி வந்ததும் கையும் செருப்பும் கழுவுங்கள்.

6. முகம் வீங்கி நாற்றமடித்தால் ஒரு நோய். கண்ணில் நுரையும் நெஞ்சில் கொறுகொறுப்புமாக வாரக்கணக்கில் இழுத்தால் இன்னொன்று. முதலாவதைக் கொரைசா என்பார்கள். கிருமி உள்ளே போன ஒன்று முதல் மூன்று நாளில் வெளிப்படும். கூட்டம் முழுக்க வேகமாகப் பரவும். கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கும். வேறு நோய் சேராவிட்டால் சாவு குறைவு, முட்டைதான் நின்றுபோகும். இரண்டாவது மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் நாள்பட்ட சளி. மெதுவாக வரும், மெதுவாகக் கெடுக்கும், மழைக்காலத்திலும் இடம் மாற்றும்போதும் தலைதூக்கும். இது தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும் என்பதை மறக்காதீர்கள். அந்த நுண்ணுயிருக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைத் தாக்கிக் கொல்லும் பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. வீட்டில் மிஞ்சிய மாத்திரையை நசுக்கிக் கொடுப்பவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதித் தவறு குறையும். டைலோசின், டாக்சிசைக்ளின் போன்றவை கேட்கும். அளவைக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும்.

7. கழிச்சல் நோயை எப்போதும் மனத்தில் முதலில் வையுங்கள். ராணிக்கெட் என்றும் வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்வது இதைத்தான். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டே இங்கே குமாவுன் மலையூரான ராணிக்கேத்தில் தென்பட்டதால் இந்தப் பெயர். தொடக்கத்தில் வெறும் சளி மாதிரியே இருக்கும்: இருமல், கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சு வாங்குவது. கூடவே பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், தீனி எடுக்காது, குறுகி உட்காரும். தப்பிப் பிழைத்தவற்றுக்குச் சில நாள் கழித்துக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுக்கும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பத்துக்கு ஒன்றிரண்டு மிஞ்சினாலே பெரிது. இது வைரஸ் நோய். எந்த ஆன்டிபயாடிக்கும் இதைக் குணமாக்காது.

ஆகவே தடுப்பூசி. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் எஃப் அல்லது லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரத்தில் மீண்டும் லசோட்டா. எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே ஊசி. இந்த ஊசி மருந்து வீரியமானது, ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள். போடுவதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்குங்கள். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்து வாருங்கள். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் கரைக்காதீர்கள்; அதிலுள்ள குளோரின் உயிருள்ள தடுப்பு மருந்தைக் கெடுக்கும். லசோட்டா போட்ட சில நாள் இலேசாகத் தும்மினால் அதற்கு மருந்து தேடாதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன், பெரும்பாலும் பிப்ரவரியில், கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர்தோறும் இலவசமாகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுகளும் மரத்தில் அடையும் சேவல்களும்தான் அன்று விட்டுப்போகும். முதல் நாள் இரவே பிடித்து அடைத்து வையுங்கள். ஏற்கெனவே நோயுற்ற கோழிக்குத் தடுப்பூசி போட்டால் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

8. தொண்டையில் மஞ்சளாக எதையாவது பார்த்தால் சுரண்டாதீர்கள். கோழி அம்மை இரண்டு விதமாக வரும். கொண்டையிலும் தாடியிலும் கொப்புளமாக வருவதை எல்லோரும் அறிவார்கள். வாய்க்குள்ளும் மூச்சுக்குழாய் வாயிலும் மஞ்சள் படலமாக வருவதுதான் கொல்லும். தீனி இறங்காது, மூச்சு அடைக்கும். இந்தப் படலம் தசையோடு ஒட்டியிருக்கும். பிய்த்தால் இரத்தம் கொட்டும். போரோ கிளிசரின் தடவி, குருணைக் கஞ்சி போல மென்மையான தீனி கொடுத்துக் காப்பாற்றப் பாருங்கள். பெரும்பாலும் கொசுதான் இதைச் சுமந்து வருகிறது. மழைக்குப் பிறகு கூண்டுக்கருகே தண்ணீர் தேங்க விடாதீர்கள். இதற்கும் தடுப்பூசி உண்டு.

வைட்டமின் ஏ குறைந்தாலும் தொண்டையில் சிறு வெள்ளைப் பருக்கள் வரும், கண் ஒட்டிக்கொள்ளும். அவை எளிதில் பெயர்ந்து வரும், இரத்தம் வராது. வெறும் அரிசியும் தவிடும் தின்று கூண்டிலேயே கிடக்கும் கோழிகளில் இதைப் பார்க்கலாம். முருங்கைக்கீரையும் மஞ்சள் சோளமும் இதற்கு மருந்துபோலவே வேலை செய்யும். புறாவோடு தண்ணீர் பகிரும் கோழிக்கு வாயில் தயிர்க்கட்டி போலத் திரண்டால் அது புறாக்களிடமிருந்து வரும் ஒட்டுண்ணி, மருந்து வேறு.

9. குஞ்சு சத்தமே இல்லாமல் வாய் பிளந்து மூச்சு வாங்கினால் கீழே விரித்த உமியைக் கிளறிப் பாருங்கள். ஈரமாகிப் பூசணம் பிடித்த உமி, தென்னை நார்க்கழிவு, கட்டி தட்டிய தீவனம் ஆகியவற்றிலிருந்து பூஞ்சை நுரையீரலில் போய் முளைக்கும். கொறுகொறுப்பு இல்லாததே இதன் அடையாளம். இதைத் தீர்க்கும் மருந்து நம் கையில் இல்லை. அத்தனையும் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, காய்ந்த விரிப்பு போட்டால் மீதிக் குஞ்சுகள் தப்பும். மண்புழுவும் நத்தையும் தின்று மேயும் இளங்கோழிகளில் மூச்சுக்குழாய்க்குள் சிவப்புப் புழு தங்குவதும் உண்டு. தலையை உதறி உதறிக் கொட்டாவி விடும். அதற்குப் புழுநீக்க மருந்துதான்.

10. கூண்டுக்குள் குனிந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அங்கே அம்மோனியா இருக்கிறது. அது மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் மெல்லிய மயிரிழைகளைக் கருக்கிவிடும். பிறகு எந்தக் கிருமிக்கும் கதவு திறந்ததுதான். குளிருக்குப் பயந்து கூண்டைச் சாக்கால் முழுக்க மூடுகிறவர்கள் இந்தத் தீங்கைச் செய்கிறார்கள். மேலே காற்று போக வழி விட்டு, கீழே மட்டும் மறையுங்கள்.

11. ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொன்னால், சொன்ன நாள் வரை முழுதாகக் கொடுங்கள். இரண்டாம் நாள் தேறிவிட்டது என்று நிறுத்தினால் மிச்சக் கிருமி பலமாகும். நோயுற்ற கோழி தண்ணீர் குறைவாகக் குடிக்கும். அதனால் தண்ணீரில் கலந்தது போதாது; முடியாத கோழிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். டாக்சிசைக்ளின் கொடுக்கும் நாள்களில் கிளிஞ்சல் தூளை எடுத்துவிடுங்கள்; சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து உடலைவிட்டுப் போகும்வரை முட்டையையும் கறியையும் உண்ணக் கூடாது. எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் கொலிஸ்டினைக் கோழிக்கும் மாட்டுக்கும் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. பழைய புட்டி யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

12. வாயைப் பிளந்து மருந்தை ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதைப் பார்த்தீர்களே; அதற்குத் தனி மூடி கிடையாது. தலையை அண்ணாத்திப் பிடித்து ஒரு மூடி எண்ணெய் ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள், விழுங்கட்டும், பிறகு அடுத்தது.

13. மஞ்சள், மிளகு, சீரகம், பூண்டு, கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் ஒதுக்கவில்லை. தஞ்சைப் பக்கமும் கொங்குப் பக்கமும் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம் அது. தொடக்கச் சளியில் கோழி தெம்பு பெறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். உண்மையில் பல கோழிகளைக் காப்பாற்றுவது பராமரிப்புதான்: குளிர் படாத இடம், வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சால் கண்ணும் மூக்கும் துடைப்பது, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், நனைத்த கம்பு மாவு.

14. சளியில் இரத்தம் கண்டாலோ, ஒரே நாளில் பல கோழிகள் செத்தாலோ, கொண்டை நீலம் பாரித்தாலோ, அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இந்தியாவில் அந்த நோய் முதலில் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் வந்தது. அதன்பின் கேரளத்தில் பலமுறை வந்திருக்கிறது. இப்படிச் செத்த கோழியை நீங்கள் அறுத்துப் பார்க்காதீர்கள். வெறும் கையால் தொடாதீர்கள். ஒன்றிரண்டு மட்டும் செத்து நோய் புரியாவிட்டால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கசியாதபடி இரட்டைப் பையில் கட்டிப் பனிக்கட்டியோடு பிணப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாமக்கல் போன்ற ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் செய்வார்கள். ஒரு கோழியை அறுத்துப் பார்த்துச் சொல்லும் பதில் மீதமிருக்கும் ஒன்பதைக் காக்கும். செத்த மற்றவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வாய்க்காலில் எறிவது அடுத்த ஊருக்கு நோயை அனுப்புவதாகும்.

15. நோய் வந்ததும் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். நாலு காசாவது தேறட்டும் என்று நீங்கள் விற்ற கோழியை, பேரன் படிப்புச் செலவுக்காகக் கோழி வளர்க்கும் ஒரு பாட்டி வாங்கிப்போய்த் தன் கூண்டில் விடுவாள்.

16. கொரைசாவோ மைக்கோபிளாஸ்மாவோ வந்து தேறிய கோழி, பார்க்க நலமாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். அதன் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். வேறு இடத்திலிருந்து வந்த குஞ்சோடு அதை விடாதீர்கள். அந்தக் கூட்டத்தை அப்படியே முட்டைக்கும் கறிக்கும் முடித்துவிட்டு, கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்து இரண்டு மூன்று வாரம் காலியாக விட்டபின் புதிதாகத் தொடங்குவது நல்லது. கொரைசாக் கிருமி கோழியின் உடலுக்கு வெளியே சில நாளுக்கு மேல் தாங்காது. புதிதாக வாங்கும் கோழியை, எவ்வளவு நம்பிக்கையானவரிடம் வாங்கினாலும், மூன்று வாரம் தனியாக வைத்து இரவுதோறும் அதன் மூச்சைக் கேட்ட பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.