ஒரு லிட்டர் ஒரு கிலோ அல்ல

கேள்வி: இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் கடைச் சோப்பு, ஷாம்பு எதுவும் வாங்குவதில்லை. சீயக்காய்த்தூளும் நலங்குமாவும் நானே வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்கிறேன். இரண்டு மாதம் முன்பு ஒரு வீடியோ பார்த்துச் சோப்பும் செய்தேன். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 174 கிராம் காஸ்டிக் சோடா, 350 கிராம் தண்ணீர் என்று அளவு சொன்னார்கள். செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கி அப்படியே ஊற்றினேன். கட்டி நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஆறு வாரம் காயவிட்ட பிறகும் தேய்த்தால் சுரீரென்கிறது. "காஸ்டிக் சோடாவை உடம்பில் தேய்த்தால் வேறென்ன செய்யும்?" என்கிறார் மாமியார். அது இல்லாமல் சோப்பு செய்ய வழி உண்டா?

கற்றாழைச் சோற்றை மிக்ஸியில் அடித்து, நான்கு வைட்டமின் ஈ மாத்திரை உடைத்து ஊற்றி பாட்டிலில் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் கறுப்புப் புள்ளி. இதைவிட மனக்கஷ்டம் ஒன்று. மருந்துக்கடையில் சொன்னார்கள் என்று இந்த முறை நலங்குமாவில் கார்போகரிசி 100 கிராமும், காய்ந்த எலுமிச்சைத் தோலும் சேர்த்தேன். ஒன்பது வயது மகளுக்குக் காலையில் பூசி அரை மணி நேரம் ஊறவைத்துக் குளிப்பாட்டினேன். பிறகு வெயிலில் விளையாடினாள். இரண்டாம் நாள் கழுத்தும் கையும் சிவந்து எரிந்து, இப்போது கருந்திட்டாக நிற்கிறது. உடை மறைத்த இடத்தில் ஒன்றுமில்லை. எல்லாம் இயற்கைப் பொருள்தானே, ஏன் இப்படி? அக்கம்பக்கத்தில் விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

- ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: முதலில் குழந்தை. சோப்பு காத்திருக்கும்.

உடை மறைத்த இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதினீர்களே, நீங்கள் அனுப்பியதிலேயே பெரிய துப்பு அதுதான். மாவு உடம்பு முழுக்கப் பட்டிருக்கிறது, வெயில் பட்ட இடம் மட்டும் புண்பட்டிருக்கிறது. மாவுக்கே ஒவ்வாமை என்றால் முதுகும் சிவந்திருக்க வேண்டுமே. எனக்குக் கார்போகரிசி மேல்தான் சந்தேகம். அதில் சொராலென் என்றொரு பொருள் இருக்கிறது. தோலில் அது இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், சாதாரண வெயிலே தோலைச் சுட்டுவிடும். உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்துச் சிவக்கும், எரியும், பிறகு கறுக்கும். உங்கள் மகளுக்கு நடந்த வரிசை இதேதான்.

கார்போகரிசி கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை. வெண்புள்ளிக்கு நம் நாட்டு வைத்தியத்தில் அதற்கு நெடுநாளாக இடமுண்டு. தோல் மருத்துவர்களும் சொராலெனைக் கொடுத்து, அளந்து கதிர் காட்டி அதே நோய்க்கு வைத்தியம் செய்கிறார்கள். நிறமில்லாத இடத்தில் நிறம் வரவழைக்கத் தெரிந்த சரக்கு அது. மருந்தாக அளந்து கொடுக்க வேண்டியதை, வாசனைச் சரக்கு மாதிரி 100 கிராம் அள்ளிப் போட்டதுதான் பிழை. எலுமிச்சைத் தோலிலும் இதே குடும்பத்துப் பொருட்கள் உண்டு. அதனால்தான் எலுமிச்சையை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அந்த மாவை மொத்தமாக எறிந்துவிடுங்கள். சலித்தெல்லாம் பிரிக்க முடியாது. திட்டு மங்க வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம். அதுவரை அந்த இடத்தில் வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள். வீட்டு வைத்தியம் எதையும் அதன்மேல் பூசாதீர்கள். அந்தச் சரக்கின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குழந்தைக்கு வெறும் பச்சைப்பயற்று மாவு போதும். பெரியவர்களுக்கென்றால் நான் போடுவது இது: அரைக் கிலோ பச்சைப்பயறு, ஆவாரம்பூவும் ரோஜா இதழும் 50 கிராம் வீதம், கோரைக்கிழங்கு 50, பூலாங்கிழங்கு 50, கஸ்தூரி மஞ்சள் 25, ஒரு கைப்பிடி வெட்டிவேர். அதற்குமேல் பட்டியல் நீளநீள, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமாகிவிடும். கூட்டுக் கறியில் எந்தக் காய் கசக்கிறது என்று தேடுகிற கதை. எந்தப் புதுச் சரக்கையும் தனியாகக் குழைத்து, முழங்கையின் உட்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். மில்லுக்குக் கொண்டுபோனால் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் அரைத்த நலங்குமாவை ஒருமுறை பூசியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி சோப்பு. உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது, பதிலும் நேரானது: காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்புக் கட்டி இல்லை. எண்ணெயும் காரமும் சேர்ந்து இரண்டும் மாறிப் போவதற்குத்தான் சோப்பு என்று பெயர். காஸ்டிக் சோடா இல்லாதது என்று விற்கிறார்களே, உருக்கி ஊற்றும் சோப் பேஸ், அதற்குள் அந்த வேலையை வேறொருவர் முன்பே முடித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். காரம் நமக்குப் புதிதுமில்லை. ஊர்த்துணியை உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைத்தார்களே, அந்த மண்ணின் சோடாக்காரம்தான் அழுக்கை எடுத்தது. சோப்பைப் பொறுத்தவரை, சரியாக அளந்து போட்டால் காரம் முழுவதும் எண்ணெயில் தீர்ந்துவிடும். கட்டியில் மிஞ்சுவது சோப்பும் கிளிசரினும் கொஞ்சம் எண்ணெயும். மிஞ்சக் கூடாதது மிஞ்சினால்தான் எரிச்சல்.

உங்கள் கட்டியில் மிஞ்சியிருக்கிறது. எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவளிடம் மாட்டிக்கொண்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாக மாற 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஆயிரம் கிராமுக்கு 183. அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்தால் 174. ஆக, வீடியோக்காரர் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் அவர் சொன்னது ஒரு கிலோ, நீங்கள் ஊற்றியது ஒரு லிட்டர். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. கடையில் விற்கும் ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்று போட்டிருக்கும். அந்த 910 கிராமுக்கு வேண்டியது 166.5 கிராம் காரம். நீங்கள் போட்டது 174. ஏழரை கிராம் காரம் சேர எண்ணெய் கிடைக்காமல் கட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆறு வாரம் அல்ல, ஆறு மாதம் வைத்தாலும் நீங்கள் அதை நம்பித் தேய்க்க முடியாது.

கட்டிகளை எறிய வேண்டாம். தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு எனக்கே மனசு வராது. கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் துருவி ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் போடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரும், விட்டுப்போன அந்த 90 கிராம் எண்ணெயும் சேருங்கள். அடியில் கொதிக்கும் தண்ணீர் வைத்து, அதன்மேல் பாத்திரத்தை வைத்து, களி மாதிரி ஒன்றாகும்வரை மெல்லக் கிளறுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அச்சில் அழுத்தி இன்னும் நாலு வாரம் காயவிடுங்கள். அழகாக இருக்காது. பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள், உடம்புக்கு வேண்டாம். ஏனென்றால் வெறும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு, சரியாகச் செய்தாலுமே தோலின் எண்ணெய்ப்பசையை ரொம்ப எடுத்துவிடும். காரத்தை நூற்றுக்கு ஐந்துக்குப் பதில் பதினைந்து, இருபது குறைத்தால்தான் அது குளிக்கத் தோதுப்படும்.

அதற்குப் பதில் அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. நல்லெண்ணெய்க்கு கிராமுக்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் 81.4 வரும். ஐந்து சதம் குறைத்து 77 கிராம் காஸ்டிக் சோடா, 165 கிராம் தண்ணீர். எல்லாமே எடை, தண்ணீர்கூட. ஒரு கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். காரத்தைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கரைசல் கொதிநீர்ச் சூட்டுக்குப் பக்கத்தில் போகும், மூச்சை அடைக்கும் ஆவி வரும். அதனால் கொல்லைப்புறத்தில், கண்ணாடி, கையுறை போட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் கரையுங்கள். பாத்திரம் எவர்சில்வராகவே இருக்கட்டும். நான் முதல்முறை செய்தபோது வீட்டிலிருந்த பழைய அலுமினியச் சட்டியை எடுத்தேன். வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிப்போட்ட சமன்பாடுதான். காரமும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன். சமையலறையில் அது ஞாபகம் வரவில்லை. சட்டி புஸ்ஸென்று பொங்கிக் கறுத்து, மாவுக்கட்டி அளவு சோப்புகூட மிஞ்சவில்லை. கரைசல் ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, கரண்டியில் எடுத்து மேலே விட்டால் கோடு நிற்கிற தோசைமாவுப் பதம் வரும்வரை கலக்கினால் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சோப்பு செய்வது கைப்பழக்கத்துக்கும் குளிர்காலத்துக்கும்தான். தலைக்கு என்றைக்கும் சீயக்காய். சோப்பு எதுவானாலும் காரக்குணம் உள்ளது, தோலும் தலையும் லேசான புளிப்புக்குணத்தில் இருப்பவை, சீயக்காய்க் கரைசலும் அப்படியே. உங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து முடியில் பிசுக்காக ஒட்டும். சீயக்காயிலும் அரப்பிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைப்பது சோப்பு அல்ல, சபோனின். அது கடினநீரில் திரிவதில்லை. வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்துவிட்ட பாட்டிகளுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது, தலை வழவழவென்று அலசி வந்தது தெரியும். கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்றாழைக்கு வருகிறேன். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்குவாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. பூஞ்சணத்துக்கு வேண்டியது தண்ணீர். உங்கள் பாட்டிலில் இருந்தது ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். கறுப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரிந்த நாளுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாதவை குடியேறியிருக்கும். நம் பழைய சரக்குகளை எண்ணிப் பாருங்கள்: சீயக்காய்த்தூள், அரப்புத்தூள், நலங்குமாவு, பல்பொடி, காய்ச்சிய எண்ணெய். ஒன்றிலாவது தண்ணீர் உண்டா? காய்ச்சின எண்ணெயில்கூடச் சடசடப்பு அடங்கிய பிறகுதானே இறக்குவார்கள், அது இலையின் ஈரம் போகிற சத்தம். என் அம்மா பங்குனி, சித்திரை வெயிலில்தான் சீயக்காய் காயவைப்பார், உடைத்தால் சத்தம் வர வேண்டும் என்பார். குழைப்பது அந்தந்த வேளைக்கு மட்டும். மிஞ்சிய குழம்பு செடிக்குப் போகும்.

ஆகவே கற்றாழையை அன்றன்று வெட்டுங்கள். மடலைச் செங்குத்தாக நிறுத்தி மஞ்சள் பால் வடியவிட்டு, பிறகு தோல் சீவுங்கள், அந்தப் பால் சிலருக்கு அரிக்கும். மிஞ்சினால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பாட்டிலில் வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றால் தண்ணீரே இல்லாததைச் செய்யுங்கள். தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் மூன்று பங்கு, தண்ணீர்க் குளியலில் உருக்கி டப்பியில் ஊற்றினால் உதட்டுக்கும் குதிகால் வெடிப்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். நலங்குமாவு டப்பாவைக் குளியலறையில் வைக்காதீர்கள். ஈரக்கை ஒருமுறை உள்ளே போனால் போதும், கட்டி கட்டியாகி வண்டு வந்துவிடும்.

விற்பது பற்றி. பக்கத்து வீட்டுக்கு ஒரு கட்டி கொடுப்பது வேறு, பணம் வாங்குவது வேறு. விற்பனைக்காகச் சோப்போ குளியல் பொடியோ தயாரிப்பது 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்கீழ் வருகிறது. அதற்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். முதலில் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒவ்வொரு தடவை செய்யும்போதும் தேதி, சரக்கு, எடை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். உங்கள் சோப்பு ஏன் எரிந்தது என்று என்னால் கடிதத்திலேயே சொல்ல முடிந்தது, நீங்கள் 174 என்பதை மறக்காமல் எழுதியதால்தான். விலைக்குக் கொடுக்கிற நாள் வந்தால், கட்டியின் எடையை ஆறாவது வாரம் போட்டுப் பார்த்துவிட்டு லேபிளில் எழுதுங்கள். அச்சிலிருந்து எடுத்த அன்று 100 கிராம் இருந்தது, உள்ளிருக்கும் தண்ணீர் காயக் காய அதே 100 இருக்காது.