மாத்திரையா, பேரப்பிள்ளைகளா?

மாணவர்களே! திருவண்ணாமலையில் ஒரு தாத்தா எதிலும் பிடிப்பின்றி வாடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரோ சொல்ல, வைட்டமின் டி மாத்திரை உண்கிறார். கார்த்திகை தீபத்திற்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அவர் முகம் மலர்கிறது. மலர்ச்சிக்குக் காரணம் எது?

தனி ஊசல் சோதனையில் நீளத்தையும் குண்டையும் ஒருசேர மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று கூற முடியாதல்லவா? ஆகவே ஒன்றை மட்டுமே மாற்றுகிறோம். மனிதர் வாழ்வில் மற்றவற்றை மாறாமல் நிறுத்த இயலாது. எனவே பல்லாயிரவரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிப்பர். வயது, நோய், கவலை யாவும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிடும். ஒரு குழுவுக்கு மருந்து. மற்றதற்கு அதே தோற்றமுள்ள போலி மாத்திரை. எது யாருக்கு என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. நம்பிக்கையே மனத்தைத் தேற்றக்கூடும் அல்லவா?

அமெரிக்காவின் 'வைட்டல்' ஆய்வு இத்தகையது. மனச்சோர்வு அறிகுறி இல்லாத, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 18,353 பேரை ஏறத்தாழச் சமமான இரு குழுக்களாக்கி, சுமார் 5 ஆண்டுகள் கவனித்தனர். ஒரு குழுவுக்கு நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் டி3. 2020இல் முடிவு வெளிவந்தது. மனச்சோர்வு கண்டோர் வைட்டமின் குழுவில் 609 பேர். போலி மாத்திரைக் குழுவில் 625 பேர். நாணயத்தை 1,234 முறை சுண்டினால், பூவுக்கும் தலைக்கும் இடையே 16 வேறுபாடு தற்செயலாகவே வரும். ஆக, இம்மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கவில்லை. வந்துவிட்ட சோர்வை அது போக்குமா என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று. அதற்குச் சிகிச்சை உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் இரண்டு வாரங்களுக்கு மேல் வாடியிருந்தால், கடை மாத்திரையை நம்பிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.