உயிரியல் முதுமாணி ஒரு தங்குமடமா?



ஞாயிறு பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் அமர்ந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "உங்கட மகன் இப்ப என்ன படிக்கிறார்?" மருத்துவம், பொறியியல் என்றால் பதில் உடனே வந்துவிடும். உயிரியல் என்றால் தாயார் சற்றுத் தயங்கி, "மெடிசின் கிடைக்கும் வரைக்கும் மாஸ்டர்ஸ் செய்யிறார்" என்பார். பக்கத்தில் இருக்கும் பிள்ளை சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிர்வதில்லை. அந்தப் பிள்ளையை எண்ணியே இதனை எழுதுகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். முதுமாணியில் நல்ல புள்ளி எடுத்தால் இளமாணியில் குறைந்த புள்ளியை ஈடுசெய்யலாம் என்று நம்மவர் பலர் நினைக்கின்றனர். ஒன்ராறியோ மருத்துவ பீடங்களுக்கான பொது விண்ணப்பத்தில் சராசரிப் புள்ளி இளமாணிப் பாடங்களைக் கொண்டே கணிக்கப்படுகிறது. முதுமாணிப் பாடங்கள் அதிற் சேர்வதில்லை. எனவே அந்த ஒரு நோக்கத்துக்காக மட்டும் இரண்டு ஆண்டுகளைச் செலவிடுவது பிள்ளைக்கும் நல்லதல்ல, ஆய்வுகூடத்தில் இடம் கொடுத்த பேராசிரியருக்கும் நியாயமல்ல.

அப்படியாயின் இந்தப் படிப்பின் பெறுமதி என்ன? நமது வீடுகளில் எத்தனை குளிர்சாதனப் பெட்டிகளில் இன்சுலின் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அது பிறந்தது நாம் வாழும் இதே ரொறன்ரோவில். 1921 மே மாதம் பான்ரிங் என்ற அறுவை மருத்துவர், பேராசிரியர் மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில் வேலை தொடங்கியபோது அவருக்குத் துணையாகக் கிடைத்தவர் சாள்ஸ் பெஸ்ட். வயது 22. இளமாணியை அப்போதுதான் முடித்து, முதுமாணிக்குக் காத்திருந்த மாணவர். இரத்தத்திலுள்ள சீனியின் அளவைத் திருத்தமாக அளக்கத் தெரிந்தவர் அவரே. 1922 சனவரி 11 இல் லெனாட் தொம்சன் என்ற சிறுவனுக்கு ஏற்றிய முதல் மருந்து போதிய பலன் தரவில்லை. அதில் மாசு இருந்தது. அதனைச் சுத்திகரித்தவர் கொலிப். அவர் அன்று மருத்துவர் அல்லர், உயிர் இரசாயனவியலாளர். சனவரி 23 இல் மீண்டும் ஏற்றியபோது சிறுவன் தேறினான். பெஸ்ட் அதே ஆண்டில் முதுமாணியானார். பின்னர் அவர் மருத்துவமும் படித்தார் என்பது உண்மை. ஆனால் உலகம் அவரை நினைப்பது மாணவராக இருந்தபோது செய்த வேலைக்காகவே.

இனி நடைமுறைக்கு வருவோம்.

1. இங்கே முதுமாணி பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பாடங்களை மட்டும் கொண்டது. மற்றது ஆய்வேடு எழுதுவது. பொதுவாக இரண்டு ஆண்டுகள். பாடங்கள் சிலவே. மிகுதி நேரமெல்லாம் ஒரே ஒரு கேள்வியுடன் ஆய்வுகூடத்திலோ, ஏரிக்கரையிலோ, காட்டிலோ கழியும். இறுதியில் பேராசிரியர் குழுவின் முன் தனது ஆய்வை விளக்கி வாதாட வேண்டும்.

2. ஆய்வேட்டு வகைக்குப் பல துறைகளில் விண்ணப்பம் மட்டும் போதாது. மேற்பார்வையாளர் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டு இலையுதிர் காலத்திலேயே அவருக்கு எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்ப வேண்டாம். அவருடைய கட்டுரை ஒன்றை வாசித்து, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியை நாலு வரியில் எழுதி, புள்ளிப் பட்டியலை இணையுங்கள்.

3. சேருமுன் அவரிடம் இப்போது படிக்கும் மாணவருடன் பேசுங்கள். எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், பேராசிரியரைச் சந்திக்க முடிகிறதா, முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இது முக்கியம்.

4. பணம். ஆய்வேட்டு மாணவருக்குப் பெரும்பாலும் ஊக்கத்தொகையும், இளமாணி வகுப்புகளில் உதவி ஆசிரியர் வேலையும் கிடைக்கும். கல்விக் கட்டணம் கட்டிய பின் கையில் என்ன மிஞ்சும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், அதில் வெட்கமில்லை. கனடா அரசின் முதுமாணிப் புலமைப்பரிசில் 17,500 டொலராக இருந்து, 2024 செப்டம்பர் முதல் 27,000 டொலராக உயர்ந்தது. குடியுரிமை, நிரந்தர வதிவிடம் உள்ளவர் மட்டுமன்றி, அகதியாக ஏற்கப்பட்டவரும் விண்ணப்பிக்கலாம். முடிவுத் திகதி வழமையாக டிசெம்பர் 1.

பட்டம் பெற்றபின் வேலை உண்டா என்று பெற்றோர் கேட்பது இயல்பே. உணவுப் பாதுகாப்பு, நீர்ப் பரிசோதனை, சுற்றுச்சூழல் மதிப்பீடு, மருந்து உற்பத்தி, வைத்தியசாலை ஆய்வுகூடங்கள் என்று வாசல்கள் பல. மருத்துவருக்குரிய சம்பளம் பெரும்பாலும் இராது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். பரிசோதனை பத்துத் தடவை பிழைத்தாலும் பதினோராவது தடவை செய்யும் பொறுமை இல்லாதவருக்கு இந்தப் பாதை கடினம்.

ஆகவே பெற்றோரே, "எப்ப மெடிசினுக்குப் போடுவாய்?" என்பதற்குப் பதிலாக, "நீ எதைத் தேடுகிறாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளை ஆர்வத்தோடு விளக்கத் தொடங்கினால் அது சரியான பாதை. மௌனமாக இருந்தால், அவசரப்படாமல் வேறு வழியை இருவரும் சேர்ந்து யோசியுங்கள். அடுத்த ஞாயிறு அதே கேள்வி வரும்போது, பதிலைப் பிள்ளையே தலை நிமிர்ந்து சொல்லட்டும்.

எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்பாராக.