டிரெசர் ஏன் அடுப்படியில் வந்து உட்காருகிறார்?



வாரம் ஒரு முறை லயத்தைச் சுற்றி வருவது என் வேலையில் சேர்ந்தது. சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, கொசுப்புழு எல்லாம் பார்ப்பேன். "சாக்கடையைப் பார்க்க வந்த டிரெசர் அடுப்படியில் உட்கார்ந்து என்ன கதை பேசுகிறார்?" என்று சிலர் கேட்பது என் காதுக்கும் வந்தது. அதற்குப் பதில்தான் இந்த மாதக் கட்டுரை.

நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன். அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மா ஒரே மாதத்தில் மூன்று தடவை கிளினிக்குக்கு வந்தார். ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் வயிற்றெரிச்சல், ஒரு நாள் நெஞ்சு படபடப்பு. இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சர்க்கரையும் இல்லை. மாத்திரை கொடுத்து அனுப்பினேன். நாலாவது தடவை அவர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "வேற ஏதும் வேணுமாம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க ஐயா" என்று போய்விட்டார். அந்த "ஒண்ணுமில்லீங்க" எனக்கு அன்று ராத்திரி தூக்கம் தரவில்லை.

மறுநாள் மாலை நாலரை மணிக்கு வீட்டுக்குப் போனேன். புருஷன் குலை வெட்டும்போது மட்டை விழுந்து தோள்பட்டை அடிபட்டு மூன்று வாரமாக வீட்டில். மாமியார் படுக்கையில். படிவம் ஐந்து படிக்கும் மகள் பாட்டியைப் பார்த்துக்கொள்ள பள்ளிக்கூடத்துக்கு மட்டம். போன வருஷம் நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கிய வட்டிக் கடன் வேறு. இத்தனையையும் நான் தலைவலி மாத்திரையால் தீர்க்கப் பார்த்திருக்கிறேன்!

இப்படி ஒரு வீட்டுக்குள் போனால் நான் மூன்று சங்கதி பார்க்கிறேன். தலையில் எவ்வளவு பாரம், அதைச் சுமக்க என்ன கெட்டித்தனம், கைகொடுக்க யார் யார். நீங்களும் பக்கத்து வீட்டை இந்தக் கண்ணோடு பார்க்கலாம், உங்கள் வீட்டையும் பார்க்கலாம்.

பாரம் என்றால் கெட்ட காரியம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்கர்கள் வாழ்க்கையில் வரும் மாற்றங்களுக்கு மார்க் போட்டார்கள். துணையைப் பறிகொடுப்பதற்கு 100. கல்யாணத்துக்கு 50! நம் வீட்டுக் கல்யாணச் செலவைப் பார்த்திருந்தால் இன்னும் கூடப் போட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஒன்று வந்தால் தாங்கிக்கொள்வோம். ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே வருஷத்தில் வரும்போதுதான் உடம்பு பேச ஆரம்பிக்கிறது. தூக்கம் கெடும், சோறு இறங்காது, பிள்ளைமேல் கை நீளும், சம்சு புட்டி வீட்டுக்குள் வரும்.

இதையெல்லாம் கேட்கிற முறை ஒன்று உண்டு. "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். "பசியாறியாச்சா? நேத்து ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். புருஷன் முன்னால் பெண்சாதியிடமும், மாமியார் முன்னால் மருமகளிடமும் கேட்கக் கூடாது. நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டும் கேட்கக் கூடாது. அங்கே கேட்டது ஆபீசுக்கும் போகாது, குழாயடிக்கும் போகாது. குழாயடிக்குப் போன சேதி பெரட்டுக்கு முன்னால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததா?

1978இல் சிமில்க்ஸ்டைன் என்ற டாக்டர் குடும்பத்தைக் கேட்க ஐந்து கேள்விகள் எழுதினார். கஷ்டம் வந்தால் வீட்டாரிடம் உதவி கேட்க முடிகிறதா? வீட்டில் சேர்ந்து பேசி முடிவு செய்கிறீர்களா? நீங்கள் புதிதாக ஒன்று செய்ய நினைத்தால் ஆதரிக்கிறார்களா? அன்பைக் காட்டுகிறார்களா, உங்கள் துக்கத்தையும் கோபத்தையும் புரிந்துகொள்கிறார்களா? சேர்ந்து கழிக்கும் நேரம் போதுமா? எப்போதும் என்றால் 2, சில சமயம் என்றால் 1, இல்லவே இல்லை என்றால் 0. மொத்தம் 10க்கு 3 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த வீட்டைச் சும்மா விடக் கூடாது. நல்ல கேள்விகள்தான். ஆனாலும் லயத்தில் பாதிக் குடும்பம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. அதை இந்த ஐந்து கேள்வி பிடிக்காது.

ஆகவே அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டேன்: "ராத்திரி ரெண்டு மணிக்கு மாமியாருக்கு மூச்சு முட்டினா யார் கதவைத் தட்டுவீங்க?" முதலில் பேசவில்லை. பிறகு, "முன்னே பக்கத்து வீட்டு அக்காவைத்தான். இப்ப கடன் விஷயம் தெரிஞ்சிடும்னு பேச்சை விட்டுட்டேன்" என்றார். ஆதரவு இல்லாத வீடு அல்ல அது. வெட்கத்தால் கதவைச் சாத்திக்கொண்ட வீடு.

கெட்டித்தனம் எங்கே இருந்தது தெரியுமா? சாமி மேடைக்குக் கீழே. மகளின் பழைய நோட்டில் வரவு, செலவு, வட்டி எல்லாம் காசு தவறாமல் எழுதி வைத்திருந்தார். ஆறாம் வகுப்போடு நின்றவர்! அவரிடம் இல்லாதது ஒன்றுதான். மலாய்ப் பாரத்தை நிரப்பவும், ஆபீசில் போய்க் கேட்கவும் தைரியம் இல்லை. வேலை விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து நாலு நாளுக்குக் குறையாமல் டாக்டர் லீவு இருந்தால், சொக்சோ கணக்கிடும் தினச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். இவர்களுக்குப் பாரமே போகவில்லை. கிளைத் தலைவர் கூடப் போய்க் கேட்ட பிறகுதான் போனது.

அந்த வீட்டு அடுப்புக்குப் பின்னால் இன்னொன்றும் கண்டேன். தண்ணீர்ப் புட்டியில் களைக்கொல்லி. வாசல் புல்லுக்கு அடிக்கவாம். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை. அதற்காக மற்ற மருந்துகள் சாது என்று அர்த்தமில்லை. பிள்ளை தண்ணீர் என்று குடிக்கும். மனம் உடைந்தவர் கை ஒரு நிமிஷத்தில் அதற்குப் போகும். அன்றே ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பினேன். உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அதட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாமல் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். போலீஸ் பிடிக்கும் என்று மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் மனக்கஷ்டத்தைப் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் 15999. 15999ஐ ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். அடி விழும் வீட்டில் நான் பஞ்சாயத்துப் பேசுவதில்லை. முதலில் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த வீட்டுக்கு அப்புறம் வாராவாரம் போனேன். பக்கத்து வீட்டு அக்கா காலையில் பாட்டியைப் பார்த்துக்கொள்ள, மகள் பள்ளிக்கூடம் திரும்பி எஸ்.பி.எம். எழுதினாள். சொக்சோ பணம் வர இரண்டு மாதம் ஆனது. வட்டிக் கடன் இன்னும் தீரவில்லை. அந்த அம்மா போன வாரம்கூடத் தலைவலி என்று வந்தார். மாத்திரையும் கொடுத்தேன், நாற்காலியையும் இழுத்துப் போட்டேன்.